காற்றழுத்தம் ஒரு கிரகத்தின் தரையை எப்படி மாற்றுகிறது?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர் கேட்ட கேள்வி இது: "செவ்வாயிலும் நம்ம ஊர் மாதிரியே செம்மண். பனிக்கட்டி இருக்கு. பகலில் சில இடத்துல 20 டிகிரி வரைக்கும் சூடு ஏறுதுன்னு சொல்றாங்க. அப்ப அந்தப் பனி உருகித் தண்ணியா ஏன் நிக்கல? காற்றழுத்தம்தான் காரணம்னா, வெறும் காத்து ஒரு கிரகத்தோட தரையவே எப்படி மாத்தும்?"

தம்பி, காரணம் காற்றழுத்தம்தான். ஆனால் அது தரையை அமுக்கி மாற்றுவதாக நினைத்துக்கொண்டால் கணக்கு தப்பிப்போகும். தரையை அரிப்பது, பாறையைக் கரைத்து மண்ணாக்குவது, வண்டலைக் கொண்டுவந்து படியவைப்பது எல்லாம் பெரும்பாலும் திரவத்தின் வேலை. அந்தத் திரவம் தரையில் தங்கலாமா கூடாதா என்று அனுமதி கொடுப்பது அழுத்தம். அமுக்கும் வேலை எவ்வளவு சின்னது என்பதை முதலில் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவோம்.

காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 1000 ஹெக்டோபாஸ்கல். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. வளவில் பதித்திருக்கும் 8 அங்குல ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் 400 கிலோவுக்கு மேல் காற்றைச் சுமக்கிறது. கல் உடையவில்லையே என்றால், பாறையின் கணக்கில் இது சொற்பம். வெறும் 4 மீட்டர் கனமுள்ள பாறை தன் அடியில் கொடுக்கும் அழுத்தம் இதற்குச் சமம். வெள்ளிக் கிரகத்தின் தரையில் அழுத்தம் இங்கே இருப்பதைப் போல 90 மடங்குக்கு மேல், சுமார் 92 பார் (ஒரு பார் என்பது 1000 ஹெக்டோபாஸ்கல்). அதுகூட அங்கே 380 மீட்டர் பாறைக்குத்தான் ஈடு. நல்ல கருங்கல் 1000 பாருக்கு மேல் தாங்கும். ஆகவே எந்தப் பாறைக் கிரகத்திலும் காற்று தரையை நசுக்குவதில்லை.

அமுக்கத்தின் நேரடி விளைவு கண்ணுக்குத் தெரிவது கடலில்தான். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் 1 செ.மீ. உயரும். புயலின் மையத்தில் 30 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 30 செ.மீ. புயல் அலை மீட்டர் கணக்கில் ஏறுகிறதே என்றால், மீதியெல்லாம் காற்று வேகமாகத் தள்ளிக்கொண்டு வருவது.

இனி திரவத்துக்கு வருவோம். ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் அது கொதிக்கிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் குறைந்த வெப்பத்திலேயே இது நடந்துவிடும். காரைக்குடியில் 100 டிகிரிக்கு மயிரிழை குறைவு, கொடைக்கானலில் சுமார் 93, எவரெஸ்ட் உச்சியில் சுமார் 71. எதிர்த்திசையில் குக்கர்: வெளி அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு சேர்த்து 120 டிகிரிக்குக் கொண்டுபோகிறது.

இதைச் செட்டிநாட்டில் கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எவரும் கோடையில் அனுபவித்திருப்பார்கள், பெயர் மட்டும் வேறாக இருக்கும். தரைமேல் வைத்த மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீர்ப்பரப்பின் மேல் நிற்கும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்று தள்ளக்கூடிய அதிகபட்ச உயரம் நம் ஊரில் சுமார் 10.2 மீட்டர். இதில் 30 டிகிரித் தண்ணீரின் சொந்த ஆவி அழுத்தம் 42 ஹெக்டோபாஸ்கல், அதற்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கழியும். குழாய் உராய்வு, பெண்டு, ஃபுட் வால்வு எல்லாம் சேர்ந்து அரை முதல் ஒரு மீட்டர். பம்பின் வாயில் தண்ணீர் நுரைக்காமல் நுழைய இன்னொரு 2 மீட்டர் அழுத்தம் மிச்சம் வேண்டும். கழித்துப் பார்த்தால் நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23, 24 அடி. பங்குனி, சித்திரையில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் என்ன ஆகிறது? பம்புக்குள் அழுத்தம் 42 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே போய், 30 டிகிரித் தண்ணீர் அங்கேயே கொதிக்கிறது. குமிழிகள் இம்பெல்லரின் (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம்) அழுத்தம் கூடிய பக்கத்துக்குப் போனதும் படாரென்று நொறுங்குகின்றன. உள்ளே ஜல்லி உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்கும்; சில மாதம் அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் அம்மைத் தழும்பு விழுந்து போகும். "மோட்டார் ஏர் பிடிச்சிருச்சு" என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். வால்வு கசிந்தால் அது சரியான வைத்தியம். மட்டம் இறங்கியதால் என்றால் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்காது. மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை போட்டு இறக்க வேண்டும், அல்லது சப்மெர்சிபிளுக்கு மாற வேண்டும். பெரிய ஹெச்.பி. மோட்டார் வாங்குவது வீண் செலவு. கீழிருந்து தள்ளுவது காற்று, காற்றின் ஹெச்.பி.யை யாரும் கூட்ட முடியாது.

அதே மோட்டாரைச் செவ்வாய்க்குக் கொண்டுபோனால்? அங்கே சராசரி அழுத்தம் சுமார் 6.1 ஹெக்டோபாஸ்கல். ஈர்ப்பு நம்மில் 38 சதவீதம்தான் என்ற சலுகையைச் சேர்த்தாலும் காற்று தள்ளக்கூடிய உயரம் 16 செ.மீ. அதிலிருந்து தண்ணீரின் ஆவி அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். 0 டிகிரித் தண்ணீரின் ஆவி அழுத்தமே 6.1 ஹெக்டோபாஸ்கல். மிச்சம் ஒன்றுமில்லை. உங்கள் கேள்விக்கு விடை இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

தண்ணீரின் மும்மைப் புள்ளி, அதாவது பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரே நிலை, 6.117 ஹெக்டோபாஸ்கல், 0.01 டிகிரி. இந்த அழுத்தத்துக்குக் கீழே சுத்தமான தண்ணீர் திரவமாக இருக்கவே முடியாது; பனி நேராக ஆவியாகும். செவ்வாயின் சராசரி அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் மேடும் பள்ளமும் அங்கே பெரிய விஷயம். ஒலிம்பஸ் மலை உச்சியில் 1 ஹெக்டோபாஸ்கல்கூட இல்லை, அங்கே பேச்சே இல்லை. 7 கி.மீ. ஆழமுள்ள ஹெல்லாஸ் பள்ளத்தின் அடியில் சுமார் 12. அங்கே தண்ணீர் 0 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கலாம். 7 ஹெக்டோபாஸ்கல் உள்ள சமவெளியில் இந்த இடைவெளி வெறும் 2 டிகிரி.

நீங்கள் சொல்லும் 20 டிகிரி, நடுப்பகலில் நிலநடுக்கோட்டுப் பக்கம் மண்ணின் மேல்தோலில் மட்டும் சில மணி நேரம் இருப்பது. பனி இருப்பதோ துருவப் பக்கத்திலும், மண்ணுக்கு அடியிலும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பது அரிது. சந்தித்தாலும் அங்கே காற்று அவ்வளவு வறண்டது; கொதிநிலைக்கு வராமலே ஈரம் பறந்துவிடும். 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் வடதுருவப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோது தாயக்கட்டை அளவில் வெள்ளைக் கட்டிகள் கிடைத்தன. நான்கு நாளில் அவை உருகின ஈரம்கூட இல்லாமல் காணாமல் போயின. அவை உப்புக்கட்டி இல்லை, பனிதான் என்று உறுதிசெய்ய அதுவே போதுமானதாக இருந்தது. அதே விண்கலம் மண்ணில் பெர்குளோரேட் உப்புகளையும் கண்டது. மக்னீசியம் பெர்குளோரேட் கரைந்த நீர் மைனஸ் 50 டிகிரிக்குக் கீழேயும் உறையாது, எளிதில் ஆவியாகவும் செய்யாது. செவ்வாயில் இன்று திரவம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது இப்படிப்பட்ட உப்புக்கரைசலாக இருக்கவே வாய்ப்பு.

ஒரு லிட்டர் 30 டிகிரித் தண்ணீரைத் திடீரென்று செவ்வாய் அழுத்தத்தில் வைத்தால் என்ன ஆகும்? முழுதும் ஆவியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி ஆகாது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை மீதித் தண்ணீரிடமிருந்தே எடுத்தாக வேண்டும். 50 கிராம் ஆவியானதும் மீதி 0 டிகிரிக்கு வந்துவிடும். அதன்பின் ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் ஏழெட்டு கிராமை உறையவைக்கும். இன்னொரு 110 கிராம் போனதும் சுமார் 840 கிராம் பனிக்கட்டி மிஞ்சும். கொதித்துக்கொண்டே உறைகிறது. அந்தப் பனி பிறகு நாள்கணக்கில் மெல்லத் தேயும்.

கொதிக்கும் பாதியை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி 60, 65 டிகிரிக்குச் சூடாக்கி 4 மில்லி உறிஞ்சுங்கள். முனையை மேலே திருப்பி, உள்ளே காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் வெளியேற்றுங்கள். முனையை மூடியால் அழுத்தி அடைத்து, பிஸ்டனை 15 மில்லி கோடு வரை இழுத்துப் பிடியுங்கள். தண்ணீர் சலசலவென்று கொதிக்கும். விட்டதும் நின்றுவிடும். இழுக்க இரண்டு, மூன்று கிலோ தூக்கும் பலம் வேண்டும். கையில் உணரும் அந்த எதிர்ப்புதான் காற்றழுத்தம். இதில் வழக்கமாக நடக்கும் பிழை, பச்சைத் தண்ணீரை நேராக எடுப்பது. அதில் கரைந்திருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும், கொதித்துவிட்டது என்று ஏமாறுவோம். சரிபார்க்க ஒரு வழி: பிஸ்டனை விட்டபின் மேலே காற்றுக்குமிழி மிச்சமிருந்தால் அது கரைந்த காற்று அல்லது கசிவு. முற்றிலும் மறைந்தால் நீராவி. 40 டிகிரிக்குக் கீழே முயன்றால் பெரும்பாலும் தோற்கும். அவ்வளவு வெற்றிடத்தை ரப்பர் வளையம் தாங்காமல் காற்றை உள்ளே விட்டுவிடும். முனையை விரலால் அடைத்தால் தோல் உள்ளே இழுபடும், மூடியே நல்லது.

இப்போது செம்மண். இரண்டு ஊரிலும் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வந்ததுதான். வித்தியாசம் தண்ணீர் எவ்வளவு காலம் கூட இருந்தது என்பதில். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புராங்கல்லை உடைத்துப் பாருங்கள். புழு அரித்த மாதிரி துளைகள், நடுவில் கெட்டியான சிவப்புக் குருணைகள். மழைநீர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்கி, பாறையிலிருந்த சோடியம், கால்சியம், சிலிக்காவை யுகக்கணக்கில் கரைத்து எடுத்துப்போய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. மழை பெய்யும், ஊறும், வற்றும், மறுபடி பெய்யும் என்ற சுற்று இல்லாமல் இந்தக் கல் உருவாகாது. நம் ஊருணிகளின் கரையில் இந்தச் சுற்றை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். அந்தச் சுற்று நடக்க தண்ணீர் 0 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் நடுவில் அவ்வளவு அகலமான இடத்தில் திரவமாக இருக்க வேண்டும். அந்த அகலத்தைக் கொடுப்பது 1000 ஹெக்டோபாஸ்கல்.

செவ்வாயிலும் ஒரு காலத்தில் அந்த இடம் இருந்தது. 350 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆற்றுப் பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரியில் இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில் ஆறு ஏரியில் கலந்த கழிமுகமே இருக்கிறது. பிறகு காற்று விண்வெளிக்குக் கசிந்தது. நம் மங்கள்யானும் அமெரிக்காவின் மேவனும் 2014 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் செவ்வாயைச் சென்றடைந்தன. மேவன் எடுத்த ஆர்கான் அளவுகளின்படி, அங்கிருந்த ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. ஆர்கான் எதனோடும் வினைபுரியாத வாயு, மண்ணில் பாறையாகச் சேர்ந்துவிட்டது என்று அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் கணக்கு நம்பத் தகுந்தது.

தண்ணீர் ஓய்ந்தாலும் செவ்வாயின் தரை இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது, கார்பன் டை ஆக்சைடால். அங்கே காற்றில் 95 சதவீதம் அதுதான். 6 ஹெக்டோபாஸ்கலில் அது மைனஸ் 125 டிகிரிக்குப் பக்கத்தில் உறையும். குளிர்காலத் துருவத்தில் காற்றே பனியாகி விழுவதால் கிரகம் முழுக்க அழுத்தம் ஆண்டுக்குள் 25 முதல் 30 சதவீதம் ஏறி இறங்குகிறது. வசந்தத்தில் வெயில் அந்தப் பனிப்பாளத்தை ஊடுருவி அடிமண்ணைச் சூடாக்க, அடியில் வாயு அடைபட்டு, பிளந்து, தூசியோடு பீறிடுகிறது. அது தோண்டிய கால்வாய்கள் மேலிருந்து பார்த்தால் சிலந்திக் கால்களாகத் தெரியும். பூமியில் இப்படி ஒரு நில அமைப்பு கிடையாது. நம் ஊரில் பாரோமீட்டர் உள்ள போனை மேசைமேல் வைத்தால் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம், 4 மணிகளில் தாழ்வு என்று சில ஹெக்டோபாஸ்கல் ஆடும், அவ்வளவுதான். (மாடி ஏறினாலே 0.4 குறையும், ஒப்பிடும்போது ஒரே இடத்தில் வையுங்கள்.)

காற்றின் தள்ளுவிசைக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். செவ்வாயில் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 20 கிராம், நமக்கு ஒரு கிலோவுக்கு மேல். அங்கே மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் அடிக்கும் புயல், இங்கே 14 கி.மீ. காற்று கொடுக்கும் அழுத்தத்தைத்தான் கொடுக்கும். சினிமாவில் ராக்கெட்டைச் சாய்க்கிற செவ்வாய்ப் புயல் வெறும் கதை. ஆனால் பறந்த நுண்தூசி வாரக்கணக்கில் கீழே வராது. 2018-ல் கிரகம் முழுவதையும் மூடிய அந்தத் தூசிதான் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் சூரியத் தகடுகளை இருட்டாக்கி முடித்தது. வெள்ளியில் நேர்மாறு. அடர்த்தி 65 கிலோ. தரையில் நொடிக்கு 1 மீட்டர், ஆள் மெல்ல நடக்கும் வேகம். அதன் தள்ளுவிசை நம் ஊரில் 27 கி.மீ. காற்றுக்குச் சமம். மணல் நகர அதுவே போதும்.

வெள்ளியைப் பற்றி ஒரு தவறான புரிதல் பரவிக் கிடக்கிறது: அழுத்தம் அதிகம், அதனால்தான் 465 டிகிரி சூடு என்று. சைக்கிள் பம்பு அடிக்கும்போது சூடாகும், சரி; அரை மணி நேரம் வைத்தால் ஆறிவிடும். அழுத்தி வைத்திருப்பது மட்டும் சூட்டைப் பிடித்துவைக்காது. அங்கே சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பது 96 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கந்தக அமில மேகமும். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் 92 பாரில் தண்ணீர் சுமார் 305 டிகிரி வரை திரவமாக இருந்திருக்கும். வெப்பம் அதைத் தாண்டிவிட்டது, ஆகவே கடல் இல்லை. தரையில் அந்த வாயுவே திரவமும் அல்லாத, வாயுவும் அல்லாத மீமாறுநிலையில் கிடக்கிறது. 1970 டிசம்பரில் சோவியத் விண்கலம் வெனிரா 7 அங்கே இறங்கி 23 நிமிடம் சமிக்ஞை அனுப்பியது. 1982-ல் வெனிரா 13 இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் தாக்குப்பிடித்தது.

காற்று தரைக்குச் செய்யும் இன்னொரு காவல், விண்கல். இதற்கு அழுத்தத்தை ஈர்ப்பால் வகுத்து, தலைக்கு மேல் எத்தனை நிறை காற்று என்று பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குச் செவ்வாயில் 164 கிலோ, நமக்கு 10 டன், டைட்டனில் சுமார் 108 டன், வெள்ளியில் 1,040 டன். வெள்ளியில் 2 கி.மீ.க்குக் குறைவான விண்கல் பள்ளம் ஏறக்குறைய கிடையாது. சிறிய கல் வரும் வழியிலேயே சிதறிவிடும். நமக்குச் சில பத்து மீட்டர் வரை காப்பு உண்டு: 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர் மேல் வந்த சுமார் 20 மீட்டர் கல் 30 கி.மீ. உயரத்திலேயே வெடித்தது. நிலவில் காப்பே இல்லை, மணல்பருக்கைகூட முழு வேகத்தில் தரையைத் தாக்கும். அங்கே பாறையைத் தூளாக்கியது கோடிக்கணக்கான ஆண்டு விழுந்த அந்தப் பொடிதான். காற்றில்லாத அந்தத் தூளில் வெப்பமும் எளிதில் கடத்தப்படாது: 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 அளந்தபோது மேல்பரப்பு 50 டிகிரிக்கு மேல், வெறும் 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10 அளவு.

டைட்டன், சனியின் நிலவு, இந்தப் பாடத்துக்கு மிக நல்ல சாட்சி. அழுத்தம் 1467 ஹெக்டோபாஸ்கல், வெப்பம் மைனஸ் 179 டிகிரி. தண்ணீர் அங்கே கருங்கல்லுக்கு நிகர். ஆனால் மீத்தேன் திரவமாக நிற்க அந்த அழுத்தமும் வெப்பமும் கச்சிதம். ஆகவே மீத்தேன் மழை, மீத்தேன் ஆறு, மீத்தேன் ஏரி. 2005 ஜனவரி 14 அன்று இறங்கிய ஹைகன்ஸ் விண்கலம் எடுத்த படத்தில் ஆற்றுப்படுகைக் கூழாங்கல் போல உருண்ட பனிக்கற்கள் கிடக்கின்றன. நம் கிணற்று மோட்டார் அங்கே மீத்தேனை 200 மீட்டருக்கு மேல் ஏற்றும்.

கேள்வியின் வால் ஒன்று மிச்சம்: செவ்வாயில் அழுத்தத்தைக் கூட்ட முடியாதா? துருவப் பனியிலுள்ள கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் ஆவியாக்கினாலும் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 12 ஹெக்டோபாஸ்கல். இன்றைய ஹெல்லாஸ் அடிவாரத்தின் நிலைதான் சராசரியாக வரும். தண்ணீர் 10 டிகிரியில் கொதிக்கும். மனித உடலின் 37 டிகிரியில் ஈரம் கொதிக்காமலிருக்கவே 63 ஹெக்டோபாஸ்கல் வேண்டும். அதற்குக் கீழே ஆக்சிஜன் குழாய் மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது, முழு அழுத்த உடை போட்டே ஆக வேண்டும்.